பிரித்துப் போடாத எழுத்துகள்

ஈய எழுத்தில் அச்சுக் கோப்பதை நேரில் கண்ட கடைசித் தலைமுறை அநேகமாக நாங்களாகத்தான் இருப்போம். 2001-ஆம் ஆண்டளவில் மதுரையில் முதுகலைத் தமிழ் பயின்றபோது, தமிழ் மன்ற அழைப்பிதழ்களை அச்சிட ஒரு சிறிய அச்சகத்துக்குச் செல்வது வழக்கம். நகரமெங்கும் கணினியும் ஆஃப்செட்டும் வந்துவிட்டிருந்தன. ஆயினும் அந்தச் சந்துக்குள் ஒரு டிரெடில் இயந்திரம் இன்னும் தடதடத்துக்கொண்டிருந்தது. உரிமையாளரின் தந்தையார், எழுபதைக் கடந்த பெரியவர், எழுத்துப் பெட்டிகளின் முன் நின்றபடியே வேலை செய்வார்.

அவர் எழுத்துக் கோக்கும் வேகத்தைக் காட்டிலும் எங்களை ஈர்த்தது, அச்சான பிறகு அவர் செய்த வேலைதான். அடித்து முடிந்த படிவத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பார். கட்டை அவிழ்ப்பார். பிறகு 'க'வை அதன் அறையிலும் 'ன'வை அதன் அறையிலுமாக ஒவ்வோர் எழுத்தையும் பிரித்துப் போடுவார். சற்றுமுன்வரை மணமக்களின் பெயராக இருந்தவை வெறும் ஈயத் துண்டுகளாகிவிடும். அடுத்த வேலைக்கு அதே எழுத்துகள் வேண்டும் என்பதே காரணம். சிறிய அச்சகத்தில் எழுத்துக்கு எப்போதும் பஞ்சம். எனவே ஒன்றை மறந்தால்தான் இன்னொன்றை அச்சிட முடியும்.

இந்தச் சிறு செயலின் பொருள் எங்களுக்கு விளங்க இருபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

*

நாங்கள் மூவரும் இப்போது ஒரே கல்லூரியில் ஒரே துறையில் பணிபுரிகிறோம். துறையின் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளைப் பதிப்பிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக எங்களுடையது. அச்சகமும் அதே அச்சகம்தான். பெரியவர் காலமாகிவிட்டார். அவர் மகனை அண்ணாச்சி என்றே அழைப்போம். டிரெடில் இருந்த இடத்தில் இரண்டு கணினிகள் வந்துவிட்டன.

2024-ஆம் ஆண்டு தை மாதம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு வந்தது.

"அய்யா, நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலும் தொறக்க மாட்டேங்குது. இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க."

சென்று பார்த்தோம். எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டிருந்தன. திறவுகோல் வேண்டுமாயின் பணம் அனுப்புக என்றொரு குறிப்பு. பிணைப்பணம் கேட்கும் நச்சுநிரல் என்று செய்தித்தாள்களில் படித்திருந்தோம். பெரிய மருத்துவமனைகளையும் வங்கிகளையும் தேடிச்செல்வது அது என்றே எண்ணியிருந்தோம். திருமண அழைப்பிதழும் பில் புத்தகமும் அச்சிடும் ஒரு சந்துக்கடையைத் தேடி அது ஏன் வரவேண்டும்?

உண்மையில் அது பெரும்பாலும் எவரையும் தேடி வருவதில்லை. திறந்திருக்கும் கதவுகளில் நுழைகிறது. அவ்வளவுதான். 2017-ஆம் ஆண்டு மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை அப்படித்தான் உலகைச் சுற்றியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தம் ஏற்றப்படாத கணினிகள், பெரியவை சிறியவை என்ற வேறுபாடின்றி, மாட்டிக்கொண்டன.

அண்ணாச்சியின் கணினியில் எங்கள் தொகுதியின் 41 கட்டுரைகள் மூன்றாம் மெய்ப்பு முடிந்த நிலையில் இருந்தன. பதினொரு திருமண அழைப்பிதழ்கள் வரிசையில் நின்றன. நகல் இருக்கிறதே என்று ஒரு வெளிவட்டைக் காட்டினார். அது எந்நேரமும் கணினியோடு இணைந்தே இருந்தமையால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. அவர் பணம் அனுப்பவில்லை. அனுப்பினாலும் திறவுகோல் வரும் என்பதற்கு உறுதியில்லை. நான்கு இரவுகள் கண்விழித்து அழைப்பிதழ்களை மீண்டும் தட்டச்சு செய்தார்கள். எந்தத் திருமணமும் அழைப்பிதழ் இன்றி நடக்கவில்லை. எங்கள் தொகுதி நான்கு மாதம் தள்ளிப்போயிற்று.

பழுது பார்க்க வந்த இளைஞர் மூன்று வழிகளைச் சொன்னார். விலை கொடாமல் இறக்கிய ஏதேனும் ஒரு மென்பொருளோடு வந்திருக்கலாம். தொலைவிலிருந்து திரையை இயக்கும் செயலி எந்நேரமும் திறந்து கிடந்ததால் அவ்வழியே வந்திருக்கலாம். அல்லது யாரோ கொண்டுவந்த பென் டிரைவ். எது என்று முடிவாகச் சொல்ல அவரால் இயலவில்லை. எங்கள் பென் டிரைவை வாங்கிச் சோதித்தார். அதில் வேறொரு நச்சுநிரல் இருந்தது. "இது அந்த வேலையைச் செய்யுற வைரஸ் இல்ல சார்" என்று எங்களைத் தேற்றினார். நாங்கள் தேறவில்லை.

*

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று காத்திருந்தது. பூட்டப்பட்ட கோப்புகளின் பெயர்கள், வாலில் ஒரு புதுச் சொல் ஒட்டிக்கொண்டதைத் தவிர, அப்படியே இருந்தன. எங்கள் துறையின் பெயரில் ஓர் உறை. அதனுள் தேதிவாரியாகப் பல உறைகள். 2017 முதல் நாங்கள் கொடுத்த ஒவ்வொரு பென் டிரைவும் முழுமையாக அங்கே படியெடுக்கப்பட்டிருந்தது. கட்டுரைகள் மட்டுமல்ல, அகமதிப்பீட்டுத் தேர்வின் வினாத்தாள்களும் மதிப்பெண் பட்டியல்களும் இருந்தன. உதவித்தொகைக்காகத் தொகுத்த மாணவர் பட்டியலும் இருந்தது. அதில் பெயர், சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், தந்தையின் கைபேசி எண் ஆகியவை வரிசையாக இருந்தன.

கணினியில் பணிபுரியும் பெண்ணிடம் ஏன் முழுவதையும் படியெடுத்தீர்கள் என்று கேட்டோம்.

"எல்லார் பென் டிரைவையும் முழுசா காப்பி பண்ணி வச்சிருவேன் சார். இல்லேன்னா ரெண்டு வருசம் கழிச்சு வந்து, 'அந்த ஃபைல் இருக்காம்மா'ன்னு நீங்கதானே கேப்பீங்க?"

கேட்டிருக்கிறோம். ஒருமுறையன்று, பலமுறை. எங்களிடமே இல்லாத எங்கள் கோப்பை அவர் தேடிக் கொடுத்தபோது நன்றி சொல்லியிருக்கிறோம்.

இத்தகைய நச்சுநிரலை ஏவுவோரில் சிலர் பூட்டுவதற்குமுன் கோப்புகளை நகலெடுத்துச் செல்வதும் உண்டு. இங்கே அது நடந்ததா என்பதைக் கண்டறிய எவ்வழியும் இல்லை. ஒன்பது நாள் நாங்கள் வாய் திறக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணாச்சியின் தொழிலுக்குக் கெட்ட பெயர் வரும் என்று எங்களுக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். அது பாதி உண்மை. மறுபாதி எங்கள் அச்சம். பத்தாம் நாள் முதல்வரிடம் சொன்னோம். வினாத்தாள்களை மாற்றினோம். வகுப்பில் மாணவர்களிடமும் சொன்னோம். இறுதியாண்டு மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்:

"அய்யா, எங்க ஆதார் நம்பர் எதுக்கு அச்சகத்துக்குப் போச்சு?"

எதற்கும் போகவில்லை. அது போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. வேறு பென் டிரைவ் தேடச் சோம்பல்பட்டோம் என்பதே விடை. அதைச் சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை.

*

அதன்பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சியோடு ஒரு கணக்குப் பேரேட்டை விரித்துவைத்து அமர்ந்தோம். இடர் மதிப்பீடு என்பது பெரிய நிறுவனங்கள் ஆள்வைத்துச் செய்யும் வேலை என்ற மயக்கம் எங்களுக்கும் இருந்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2014-இல் வெளியிட்ட சட்டகம் ஒன்று உண்டு. கண்டறிதல், காத்தல், உணர்தல், எதிர்வினை புரிதல், மீளல் என்னும் ஐந்தே வினைகளில் முழுவதையும் அது அடக்குகிறது. 2024-இல் ஆளுகை என்பதை ஆறாவதாகச் சேர்த்தனர். முதல் வினையைக் கவனியுங்கள். பூட்டு வாங்குவதற்குமுன் வீட்டில் என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும்.

பேரேட்டில் ஐந்து பத்திகள் வரைந்தோம். என்ன வருகிறது? எங்கெல்லாம் தங்குகிறது? தொலைந்தால் என்ன கேடு? பிறர் கண்ணில் பட்டால் என்ன கேடு? எப்போது பிரித்துப் போடலாம்? கடைசித் தலைப்பைச் சொன்னவர் அண்ணாச்சிதான். எங்களுக்கு 'அழித்தல்' என்ற சொல்தான் தோன்றியது. அவர் தம் தந்தையின் சொல்லை எடுத்துக்கொடுத்தார்.

அந்தப் பேரேட்டோடு அவருக்குப் பழக்கமான வேறு நான்கு அச்சகங்களுக்கும் சென்றோம். முறையான ஆய்வென்று இதைச் சொல்ல மாட்டோம். எனினும் ஐந்து இடங்களிலும் ஏறத்தாழ ஒரே காட்சி. கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கம் வடிவமைக்கும் கணினியிலேயே வாட்ஸ்அப் திறந்திருக்கிறது. அடையாள அட்டை அச்சிடவேண்டி வந்த ஒளிப்படங்களும் ஆதார் நகல்களும் அதன் பதிவிறக்க உறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. பல அச்சகங்களில் பிளேட் போடுவது வெளியில்தான். ஆகவே கோப்பின் ஒரு படி பிளேட் போடும் இடத்துக்குப் போகிறது. மெய்ப்புத் தாள்கள் எடைக்குப் போகின்றன. தம்மிடமிருந்து கோப்பு எங்கெல்லாம் போயிற்று என்பதைக் கோத்துச் சொல்ல எவராலும் முடியவில்லை.

பழைய கணினிகளை மாற்றாமல் இருப்பதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு நின்றது. ஆனால் அச்சகத்தின் உயிர் பேஜ்மேக்கரில் இருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். தமிழ் அச்சகத்துக்கு இன்னொரு தளையும் உண்டு. பழைய கோப்புகள் ஒருங்குறியில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தானே வகுத்துக்கொண்ட குறியேற்றத்தில் அவை இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு வரியும் படிக்க இயலாது. பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஆகவே கோப்பை மட்டும் நகலெடுத்து வைத்தால் போதாது. எழுத்துருவையும் விசைப்பலகை மென்பொருளையும் சேர்த்து வைத்தால்தான் அது நகல்.

அப்படியானால் வழி? பேஜ்மேக்கர் உள்ள கணினியை இணையத்திலிருந்து பிரித்துவிடலாம். மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வேறொரு கணினி வைக்கலாம். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்பது நகல் காப்பில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் விதி. சுவடி பயின்ற எங்களுக்கு இது புதிதன்று. ஒரே வீட்டுப் பரணில் இருந்த ஏடு கரையானுக்கு இரையாயிற்று. நாலு ஊர் மடங்களில் படியெடுக்கப்பட்ட நூல் பிழைத்தது. அண்ணாச்சி இப்போது இரண்டு வெளிவட்டுகள் வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை படியெடுத்ததும் ஒன்றைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

பேரேடு முழுமையானபோது ஒன்று தெளிவாயிற்று. தொலையக் கூடாத எங்கள் தொகுதிக்கு அவரிடம் தனிப்படி இல்லை. தங்கவே கூடாத மாணவர் பட்டியல் ஏழாண்டு தங்கியிருந்தது. காக்க வேண்டியதைக் காக்கவில்லை; பிரித்துப் போட வேண்டியதைப் பிரித்துப் போடவில்லை. ஈய எழுத்தின் பஞ்சம் செய்துவந்த வேலையைக் கணினியின் தாராளம் நிறுத்திவிட்டது. அந்த வேலையை இனி மனிதர்தாம் நினைவு வைத்துச் செய்ய வேண்டும்.

*

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். அச்சகத்தார் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று எவரேனும் சொன்னால் அது பொய். 1867-ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருக்க வேண்டும் என்றது. 2024 மார்ச் முதல் நாளன்று புதிய பருவ இதழ்ச் சட்டம் நடைமுறைக்கு வந்து அதனை நீக்கும்வரை, ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்த விதி நின்றது. தேர்தல் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிடுவோர், வெளியிடுவோர் ஆகியோரின் பெயரும் முகவரியும் வேண்டும் என்கிறது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். நாங்கள் சென்ற ஐந்து அச்சகங்களிலும் இதனை அறியாதவர் இல்லை. காரணம் எளிது. அது ஒரே வரியில் அடங்கும் கடமை. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கவும் முடியும்.

கணினிக் காலத்துக் கடமைகள் அவ்வாறு அவர்களை வந்தடையவில்லை. இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. நிறுவனம் என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு தந்த விளக்கத்தில் தனியொருவர் நடத்தும் தொழிலும் அடங்கும். அண்ணாச்சிக்கு இது தெரியாது. தெரியாதென்று அவரைக் குறைசொல்லும் தகுதி எங்களுக்கும் இல்லை; ஒன்பது நாள் மௌனம் காத்தவர்கள் நாங்கள்.

2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தபோதுதான் கை எங்களை நோக்கி நீண்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் என்பது அறிவிப்பு. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அச்சக முதலாளி ஒருவர் இத்தொகையைக் கேட்டுச் சிரித்தேவிட்டார். அவருடைய சொத்து முழுவதும் சில லட்சங்கள். தொகையை விடுவோம். யாருடைய தேவைக்காகத் தரவு திரட்டப்படுகிறதோ அவர்களுக்கே முதற்பொறுப்பு என்கிறது சட்டம். அவர்கள் சார்பில் அதைக் கையாளும் அச்சகம் தவறினாலும் பொறுப்பு அவர்களுடையதே. அத்தகையவரிடம் வேலை கொடுக்குமுன் முறையான ஒப்பந்தம் வேண்டும். மாணவர் தரவைத் திரட்டியது கல்லூரி. அதைத் தேவையின்றிச் சுமந்துபோய்ச் சந்தில் வைத்தவர்கள் நாங்கள். அண்ணாச்சி வெறும் பரண்.

*

2025 டிசம்பரில் ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் எழுதி, முதல்வரின் ஒப்புதலோடு அண்ணாச்சியிடம் கொண்டுசென்றோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். முகம் வாடிவிட்டது.

"இத்தன வருசப் பழக்கம். நம்மகிட்ட கையெழுத்தா அய்யா?"

எங்களால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அந்தத் தொழிலின் மூலதனமே நம்பிக்கைதான். அதைத் தாளில் எழுதுவது அதைச் சந்தேகிப்பதாகவே அவருக்குப் பட்டது. தேநீர் வந்தது. எவரும் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார்.

"அப்பா காலத்துல பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் அடிப்போம். வாத்தியார் ஒருத்தர் கூடவே இருப்பாரு. அடிச்சு முடிச்ச பெறகும் போக மாட்டாரு. எழுத்தப் பிரிச்சுப் போடுற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போவாரு. அப்பா ஒரு நாளும் அதத் தப்பா நெனச்சதில்ல. அவரு போனப்புறம் யாரும் தன்னக் கேக்க முடியாதுன்னு நிம்மதியா இருப்பாரு."

பேனாவை எடுத்தார். 'அழித்துவிட வேண்டும்' என்று நாங்கள் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'வேலை முடிந்து 30 நாளில் பிரித்துப் போட்டுவிடுவேன்' என்று தம் கையாலேயே எழுதினார். கையெழுத்திட்டபின், தாளின் அடியில் இன்னொரு வரிக்கு இடம் விட்டு எங்கள் பக்கம் தள்ளினார்.

"நீங்களும் ஒண்ணு எழுதுங்கய்யா. வேலைக்கு வேண்டியது தவிர வேற எதுவும் கொண்டுவர மாட்டோம்னு."

எழுதினோம். மூவரும் கையெழுத்திட்டோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் பேரேட்டோடு உட்கார்ந்தும் எங்களுக்குத் தோன்றாத வரி அது.

இப்போது அச்சகத்துக்கென்றே தனியாக ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறோம். அதில் அச்சுக்குரிய கோப்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. தொகுதியின் இறுதி வடிவத்தை மூன்று படிகளாக நாங்களே எடுத்து வைத்துக்கொள்கிறோம். கோப்பு இருக்கிறதா அம்மா என்று பிறகு கேட்பதில்லை. வேலை முடிந்ததும் ஒருநாள் சென்று, அந்தப் பெண் எங்கள் உறையை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்யும்வரை பின்னால் நின்று பார்க்கிறோம். அரை நிமிடத்து வேலை. பெரியவருக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆகும்.

அந்த மாணவியின் கேள்விக்கு இன்னும் நேரடியாக விடை சொல்லவில்லை. அவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அடுத்தடுத்து வரும் வகுப்புகளில், பெயர்ப்பட்டியல் எதைத் திரட்டினாலும், இது எதற்கு, எவ்வளவு நாள் எங்களிடம் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.